கார்ப்பரேஷன் பள்ளிக்கு வயது என்ன? சுவரில் கல் இருக்கிறது, எழுத்துதான் தெரியவில்லை

சிலேட்டுக்குச்சி (இழையைத் தொடங்கியவர்)

வடசென்னையில் பழைய மில் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். பள்ளியின் பெயரைப் போடாமல் எழுதுகிறேன். காரணம் கடைசியில் புரியும்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நூற்றாண்டு விழா எடுக்கலாம் என்று கிளம்பியிருக்கிறோம். பணம் வசூலாகிவிட்டது. பந்தல்காரரிடமும் பேசியாகிவிட்டது. பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. நுழைவாயிலுக்கு இடப்பக்கம் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். வருடாவருடம் சுவரோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு அடித்து அடித்து, எழுத்து இருந்த இடமெல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. விரலால் தடவினால் ஏதோ இருப்பது தெரிகிறது. படிக்க முடியவில்லை.

குழுவில் ஆளுக்கொரு கதை. “வெள்ளைக்காரன் கட்டியது, நூற்றைம்பது வருஷம் இருக்கும்” என்கிறார் ஒருவர். “1920இல் நீதிக்கட்சி மதிய உணவு போட்டதே, அந்த முதல் பள்ளிகளில் நம்முடையதும் ஒன்று” என்கிறார் இன்னொருவர். அதை அப்படியே அழைப்பிதழில் அச்சடித்துவிடலாம் என்று அவசரப்படுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

பள்ளியில் இரண்டு கட்டடங்கள். ஒன்று ஓட்டுக்கூரை, நீளமான ஒரே கூடம். நடுவில் தட்டி வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்து மனப்பாடமானது அங்கேதான். இன்னொன்று மெட்ராஸ் டெரஸ் போட்ட இரண்டு அறைகள். மணிக்கு ஒரு தண்டவாளத் துண்டு, இன்னும் தொங்குகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சந்தேகப்பிராணி

எதன் வயதைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கட்டடத்தின் வயது ஒன்று, பள்ளியின் வயது இன்னொன்று. மாநகராட்சிப் பள்ளிகள் பல, வாடகை வீட்டின் கூடத்திலோ திண்ணையிலோ தொடங்கி, சொந்த இடம் கிடைத்தபின் மாறி வந்தவை. மாறும்போது பெயரும் மாறும். தெருப் பெயர்தான் பள்ளிப் பெயர் என்பதால், தெருவுக்குப் பெயர் மாற்றினால் பள்ளிக்கும் மாறிவிடும்.

கல் என்பது கட்டடத்தின் பிறப்புச் சான்றிதழாக இருக்கலாம், அவ்வளவுதான். அதிலும் பாதிக் கற்கள் யார் திறந்து வைத்தார் என்பதைச் சொல்லத்தான் இருக்கின்றன.

ஓட்டுக்கூரை

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். கல்லை விடுங்கள், கூரையைப் பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிறீர்களே, அதை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள் தெரிய வேண்டும். அவற்றுக்கு மேல் சின்னச் சின்னத் தட்டைச் செங்கல், படுக்கையாக இல்லாமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். இடையில் சுண்ணாம்புக் கலவை. அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் மட்டப்பலகையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. சிமெண்டும் கம்பியும் மலிந்தபின் இந்த வேலை மெல்ல நின்றுபோனது. ஆகவே அந்த இரண்டு அறைகளும் பழையவைதான். எவ்வளவு பழையவை என்பதை இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. முந்நூறு ஆண்டுக் கட்டடத்திலும் இதே கூரை உண்டு.

ஓட்டுக் கூடம்தான் உங்களுக்கு உதவும். மங்களூர் ஓடு என்றால் ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் செய்த கம்பெனியின் பெயர் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் (சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷன்) ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அவர்கள் பெயர் போட்ட ஓடு என்றால் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. முதல் உலகப் போரின்போது ஆங்கில அரசு அந்த மிஷனின் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் போயின. ஆகவே அடியில் பாசல் மிஷன் என்றிருந்தால் போருக்கு முன் சுட்ட ஓடு, காமன்வெல்த் என்றிருந்தால் பின்னால் சுட்டது.

எச்சரிக்கை ஒன்று. ஓடு ஊர் சுற்றும் பொருள். இடித்த வீட்டின் ஓட்டைக் கழற்றி வேறு கட்டடத்தில் போடுவது சர்வ சாதாரணம். நான்கு ஓடு பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். கூரை முழுக்க ஒரே முத்திரை இருந்தால்தான் நம்பலாம். மழைக்கு முன் ஒழுகல் அடைக்க ஆள் ஏறும்போது கூடப் போய்ப் பாருங்கள். தனியாக ஏறவேண்டாம், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்திருக்கும்.

காகிதப்பூச்சி

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள்களைக் கழிப்பவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாநகராட்சிக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு வேடிக்கையானது. மாநகராட்சி அமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் கொடுத்த சாசனத்திலேயே, வரி வசூலித்து ஒரு நகர மண்டபம், ஒரு சிறை, உள்ளூர்ப் பிள்ளைகள் ஆங்கிலமும் கணக்கும் படிக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று இருக்கிறது. 1688இல் மாநகராட்சி வந்தது. வரி கொடுக்க மக்கள் மறுத்தார்கள். பள்ளிக்கூடம் காகிதத்திலேயே நின்றது.

அதற்காக ஊரில் பள்ளியே இல்லை என்று எண்ண வேண்டாம். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகுத்து 1826இல் எழுதி வைத்தார். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று போன படிப்பு. வாத்தியாருக்குச் சம்பளமும் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வாவுக் காசு வேறு. யார் வீட்டுப் பிள்ளை திண்ணையில் ஏறலாம், யார் வீட்டுப் பிள்ளை ஏறக்கூடாது என்பதும் அதே திண்ணையில்தான் தீர்மானமாயிற்று. பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எல்லோரும் வரலாம் என்ற பேச்சு, பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி வந்த பிறகு வந்தது. அதுவும் ஒரே நாளில் வரவில்லை.

உங்கள் கதைக்கு முக்கியமான ஆண்டு 1920. அந்த ஆண்டு சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. நகராட்சிகளும் மாநகராட்சியும் கல்விக்கென்று வரி போட்டுத் தொடக்கப் பள்ளிகளை விரிவாக்க அது வழி செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு நீட்டித்தார்கள். அந்த ஐந்து பள்ளிகளிலும் மாணவர் எண்ணிக்கை 1922-23இல் 811, 1924-25இல் 1,671. சோறு செய்த வேலை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்று அரசு தடுத்ததால் 1925 ஏப்ரல் 1ஆம் தேதி நின்றுபோனது.

ஐந்தே பள்ளிகள் என்பதைக் கவனியுங்கள். நகரத்தின் ஒவ்வொரு பழைய பள்ளியும் தன்னை அந்த ஐந்தில் ஒன்று என்று சொல்லிக்கொண்டால், ஐந்து ஐம்பதாகிவிடும். மன்றத் தீர்மானங்களில் பெயரைப் பார்க்காமல் அழைப்பிதழில் போடாதீர்கள்.

மில்காரர் மகன்

மதிய உணவைக் கொண்டுவந்தவர் காமராஜர். சின்னக் குழந்தைக்கும் தெரியும். எதற்கு இந்த வம்பு?

காகிதப்பூச்சி

வம்பு இல்லை ஐயா. காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது மாநிலம் தழுவிய திட்டம். மாநகராட்சி 1920இல் செய்தது ஒரு நகரத்தின் ஐந்து பள்ளிகளில். இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றின் மதிப்புக் குறையாது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி காலை உணவு தொடங்கியதும் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான், மதுரை சிம்மக்கல் பக்கம்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

முப்பத்து நான்கு வருடம் மாநகராட்சிப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இடையில் நுழைகிறேன்.

உணவுக் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் படித்த காலத்தில் கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவை உப்புமாவும் பால் பவுடரும் வரும். வரிசையில் அலுமினியத் தட்டோடு நிற்போம். அந்தப் பவுடரின் வாசனை இன்றும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அன்று அதற்காகவே வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கல்லையும் ஓட்டையும் விட்டுவிட்டுத் தலைமையாசிரியை அறையில் இருக்கும் பச்சை பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்த் தட்டில் துணியில் கட்டி வைத்த பெரிய புத்தகங்கள் இருக்கும். சேர்க்கைப் பதிவேடு, அட்மிஷன் ரிஜிஸ்டர் என்போம். வருகைப் பதிவேட்டைச் சில வருடம் கழித்து அழித்துவிடலாம். சேர்க்கைப் பதிவேட்டை அழிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. எண்பது வயதுக் கிழவர் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்து நின்றாலும் அதைத் திறந்துதான் கொடுக்க வேண்டும்.

பிறந்த தேதி என்றதும் சிரிப்பு வருகிறது. அந்தக் காலத்தில் யாரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். தொட்டவர்களுக்கெல்லாம் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதி எழுதிவிடுவோம். அதனால் பழைய பதிவேட்டில் பிள்ளைகள் மந்தையாக மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பார்கள். அதை நம்பி வரலாறு எழுதிவிடாதீர்கள்.

ஆனால் மற்ற கட்டங்கள் பொய் சொல்லாது. தகப்பனார் பெயர், தொழில், முகவரி, தாய்மொழி, சாதி, அம்மை குத்தப்பட்டதா, எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், எப்போது எதற்காக விலகினார். ஒரு தெருவின் கதை முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது. தெலுங்கு வகுப்பு இருந்ததா என்றும் பாருங்கள். நகரத்தில் தெலுங்கு, உருது வழிப் பள்ளிகளையும் மாநகராட்சி நடத்தியிருக்கிறது, ஒரே கட்டடத்தில் இரண்டு மொழிப் பிரிவுகளும் இருந்ததுண்டு.

மில்காரர் மகன்

டீச்சர் அம்மா, நான் சொன்னதில் கோபம் வேண்டாம். என் தகப்பனார் பி அண்ட் சி மில்லில் நெசவுக் கண்காணிப்பில் இருந்தவர். தம்பி சொல்லும் பள்ளி எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, நானும் பெயர் சொல்ல மாட்டேன். மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு மணி. ராஜாஜி காலத்தில் அரைநாள் படிப்பு என்று கொண்டுவந்தார்களே, அது எங்கள் பள்ளியிலும் நடந்தது. என் அண்ணன் காலையில் போய் மதியம் வந்துவிடுவார். இதையும் வரலாற்றில் சேருங்கள்.

சந்தேகப்பிராணி

அண்ணன் மதியம் வந்திருப்பார், அதில் சந்தேகமில்லை. காரணம் வேறு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நகராட்சி எல்லைக்கு வெளியே, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு. 1954இல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. சென்னை நகரப் பள்ளியில் அது நடந்திருக்காது. அண்ணன் படித்தது ஷிப்டு முறையாக இருக்கும். இடம் போதாமல் ஒரு கூட்டம் காலையிலும் இன்னொரு கூட்டம் மதியத்திலும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

ஷிப்டுதான். நானே பார்த்திருக்கிறேன். காலைக் கூட்டம் வெளியே வரும், மதியக் கூட்டம் வாசலில் முண்டும். பெஞ்சு சூடு ஆறாது.

சிலேட்டுக்குச்சி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகக் காணவில்லை என்று நினைத்திருப்பீர்கள். பீரோவின் சாவியைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விட்டது.

தலைமையாசிரியை நல்லவர். கையில் வெள்ளைத் துணி விரித்து, அவர் முன்னிலையிலேயே புரட்டச் சொன்னார். இருப்பதில் மூத்த தொகுதிக்கு முன்னட்டை இல்லை. முதல் சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. தேதி இருக்கும் மேல் மூலைதான் அதற்கு மிகவும் பிடித்திருக்கிறது போலும்.

ஆனால் உள்ளே போகப் போக! தகப்பனார் தொழில் கட்டத்தில் மில், மில், மில். நடுவில் ‘வண்டி’, ‘கொத்து வேலை’, ‘அச்சாபீஸ்’, ‘துறைமுகக் கூலி’. ஒரு பக்கத்தில் ‘ஸ்டிரைக்கு, வேலையில்லை’ என்று ஒரு பிள்ளையின் விலகல் காரணம். தொழில் கட்டத்தில் இல்லை, விலகல் காரணத்தில். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை.

இன்னொரு பக்கம் வேறுவிதமாக இருந்தது. 1942 ஏப்ரல் தொடங்கிப் பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. ‘ஊருக்குச் சென்றார்’, ‘ஊருக்குச் சென்றார்’. ஒரே கையெழுத்து, ஒரே மை. பிறகு அடுத்த கல்வியாண்டில் அதே பெயர்கள் புது எண்ணோடு மறுபடி வருகின்றன.

காகிதப்பூச்சி

ஜப்பான் பயம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு போட்டார்கள், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று நகரமே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்களும் வெளியூர்களுக்கு நகர்ந்தன. 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்த காலம், பயத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மாயவரத்திலும் திருவண்ணாமலையிலும் இருக்கும் உறவினர் வீடுகளில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். உங்கள் சிவப்பு மை அதுதான்.

ஸ்டிரைக்குப் பக்கத்தின் ஆண்டைப் பாருங்கள். பி அண்ட் சி மில்லின் பெரிய வேலைநிறுத்தம் 1921இல் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை. அதுவாக இருந்தால் உங்கள் பள்ளி 1921இல் இருந்தது என்பதற்குக் கல்வெட்டே தேவையில்லை.

சிலேட்டுக்குச்சி

ஆண்டு இருக்கும் மூலையைத்தான் கரையான் தின்றுவிட்டது என்றேனே! ஆனால் அந்தப் பக்கம் 1942க்கு வெகு முன்னால் இருக்கிறது.

சந்தேகப்பிராணி

மில்லில் வேலைநிறுத்தம் ஒரு முறையா நடந்தது? 1921 என்று ஆசைப்படாதீர்கள்.

ஆனால் இதைச் சொல்லுங்கள்: படிக்கக்கூடிய முதல் வரியின் சேர்க்கை எண் என்ன? 1ஆ?

சிலேட்டுக்குச்சி

இல்லை. ஆயிரத்தைத் தாண்டிய எண்.

சந்தேகப்பிராணி

அப்படியென்றால் இதற்கு முன்னால் ஒரு தொகுதி இருந்திருக்கிறது. சேர்க்கை எண் வருடத்துக்கு வருடம் தொடர்ந்து போகும், ஜூன் வந்தால் ஒன்றிலிருந்து தொடங்காது. ஆண்டு தெளிவாகத் தெரியும் பக்கங்களை எடுத்து, வருடத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். அந்த வேகத்தில் பின்னோக்கி நடந்தால், எண் ஒன்று எந்த ஆண்டுவாக்கில் விழும் என்று ஏறக்குறைய தெரியும்.

இதில் மூன்று குழிகள் இருக்கின்றன. தொடக்க காலத்தில் குறைவாகச் சேர்ந்திருப்பார்கள், அதனால் கணக்கு காட்டுவதைவிடப் பள்ளி பழையதாக இருக்கலாம். 1942 போல ஊரே போய்த் திரும்பிய ஆண்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண்கள், அது கணக்கைக் கெடுக்கும். மூன்றாவது, பள்ளியை இன்னொரு பள்ளியோடு இணைத்திருந்தால் எண்ணும் அங்கிருந்து வந்திருக்கும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

கணக்கு டீச்சராக இருந்திருக்க வேண்டியவர் நீங்கள். நான்காவது குழி ஒன்று: ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் தனித்தனியாக இருந்து பிறகு ஒன்றாகியிருக்கும். பெண் பிள்ளைகளின் பெயர் எந்தப் பக்கத்தில் முதலில் வருகிறது என்று பாருங்கள்.

ஓட்டுக்கூரை

ஓடு என்ன ஆயிற்று?

சிலேட்டுக்குச்சி

மறந்தே போனேன். ஆள் ஏறினார், கீழே நின்று வாங்கிப் பார்த்தேன். பத்தில் ஏழு காமன்வெல்த். இரண்டு பாசல் மிஷன். ஒன்றில் பெயரே இல்லை.

ஓட்டுக்கூரை

கலவைக் கூரை. முதல் போருக்குப் பிறகு போட்டது அல்லது மாற்றி வேய்ந்தது. பழைய இரண்டும் எங்கோ இடித்த இடத்திலிருந்து வந்திருக்கும், அல்லது முதலில் இருந்த கூரையில் மிஞ்சியவை. சந்தேகப்பிராணி என்னைத் திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இது கூடத்தின் கூரைக்கு வயது, பள்ளிக்கு இல்லை.

கல்லைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. உளியை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அமிலத்தால் கழுவவும் வேண்டாம். இருட்டியபின் போங்கள். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளம் இருக்கும் இடமெல்லாம் நிழல் விழும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் விட்டு நான்கு படம் எடுங்கள்.

பழைய எழுத்து

எட்டிப் பார்க்க வந்தவன். நுழைவாயில் பலகையிலோ சுவரிலோ ‘லை’, ‘ளை’, ‘னை’ எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை போல் கொம்பு வளைந்திருக்கிறதா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பலகை. ‘சென்னை மாநகராட்சி’யின் ‘னை’யைப் பாருங்கள். பதிவேட்டில் கட்டணமோ அபராதமோ அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

கையெழுத்தில் இது பலிக்காது ஐயா. உத்தரவு வந்த பிறகும் நாங்கள் பல வருடம் தும்பிக்கைதான் போட்டோம். விரல் கேட்காது.

சிலேட்டுக்குச்சி

நேற்று இரவு டார்ச்சோடு போனோம். காவலாளி, நான், மில்காரர் மகன் ஐயாவும் வந்திருந்தார், முதல் முறையாக நேரில் பார்த்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து எழும்பி வந்தது. ஆங்கிலம், கீழே தமிழ். நூறு வருட மர்மம் உடைகிறது என்று நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அது குடிநீர்க் குழாய் திறந்த கல்.

பள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘பொதுமக்கள் உபயோகத்திற்காக’ என்று தெளிவாக இருக்கிறது. சுவர் பின்னால் வந்திருக்க வேண்டும், கல்லைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. ஆண்டு இருக்க வேண்டிய கீழ் விளிம்பு சிமெண்ட் பூச்சுக்குள் போய்விட்டது. மில்காரர் மகன் ஐயா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. சின்ன வயதில் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போவாராம்.

காகிதப்பூச்சி

ஆண்டு தெரிந்தாலும் பயனில்லை. செங்குன்றம் தண்ணீர் 1872இல் நகருக்கு வந்தது, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல். அதற்குப் பிறகு தெருத் தெருவாகக் குழாய் போட்டுக்கொண்டே போனார்கள். எந்தக் கல்லாகவும் இருக்கலாம்.

மில்காரர் மகன்

நான் கும்பிட்ட சாமி குழாய்ச் சாமி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் தேறியது எப்படி என்று இப்போதுதான் புரிகிறது என்கிறாள் மனைவி.

ஒன்று கேட்கிறேன். விழாவில் கல்லையும் வருடத்தையும் விட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டிலிருக்கும் தொழில் கட்டத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் ஒட்டினால் என்ன? மில் 1996இல் மூடியது. அதற்குப் பிறகான பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது?

சிலேட்டுக்குச்சி

பார்த்தேன் ஐயா. ‘மில்’ நின்றுபோகிறது. ‘ஆட்டோ’, ‘பெயின்டர்’, ‘வாட்ச்மேன்’, ‘வீட்டு வேலை’ வருகிறது. வீட்டு வேலை என்பது தாயின் தொழில். அதற்கு முந்தைய பக்கங்களில் தாய்க்குக் கட்டமே இல்லை. சமீபத்திய பக்கங்களில் பிறந்த ஊர் பீகார், ஒடிசா. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு காலத்தில் ஷிப்டு போட்ட பள்ளியில் இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு கூடம் போதுகிறது. பள்ளியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். பிள்ளைகள் குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு எப்போதும் காற்றில் இருக்கும். இணையத்தில் பெயரைப் போட்டு அதற்கு நானே விசிறி வீச வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

தொழில் கட்டத்தை ஒட்டுங்கள், நல்ல யோசனை. சாதிக் கட்டத்தையும் பிள்ளைகளின் பெயரையும் மறைத்துவிட்டு ஒட்டுங்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருப்பார்கள்.

சந்தேகப்பிராணி

பின்னோக்கிக் கணக்குப் போட்டீர்களா இல்லையா?

சிலேட்டுக்குச்சி

போட்டேன். 1942இன் இரட்டை எண்களைக் கழித்துவிட்டு நடந்தால், எண் ஒன்று 1920களின் தொடக்கத்தில் போய் விழுகிறது. நீங்கள் சொன்ன குழிகளால் முன்பின் சில வருடம் நகரலாம். ஐந்து பள்ளிக் கதையை அழைப்பிதழிலிருந்து எடுத்துவிட்டேன், ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகிவிட்டார். ‘ஏறத்தாழ நூறு ஆண்டு’ என்று போடப்போகிறோம். பந்தல்காரருக்கு அது போதும்.

பெரிய கவலை வேறு. அந்தப் பழைய தொகுதியைப் புரட்டும்போது ஓரம் தூளாக உதிர்கிறது. விழாப் பணத்தில் மிஞ்சுவதை வைத்து அதை பைண்டிங் செய்யலாமா? பக்கத்துக் கடைக்காரர் லேமினேஷன் செய்து தருகிறேன் என்கிறார்.

காகிதப்பூச்சி

லேமினேஷன் வேண்டாம்! சூடு பட்டால் அந்தக் காகிதம் முடிந்தது, பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். கரையான் மருந்தை நேராகப் பக்கத்தில் தெளித்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுப்போம், பழுது பார்ப்பது பிறகு.

தலைமையாசிரியை அனுமதித்தால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். கேமராவும் தாங்கியும் என்னிடம் இருக்கின்றன. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரிய மேசை, ஒரு வெள்ளைத் துணி, பக்கம் புரட்டப் பொறுமையான ஒருவர் வேண்டும்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

பக்கம் புரட்ட நான் வருகிறேன். தண்டவாளத் துண்டு அங்கேதானே தொங்குகிறது? ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும்.